அரங்கமோ, ஆடுகளமோ?

கிரேக்கர் ஏறக்குறைய அறுநூறு அடி நீளமுள்ள ஓர் அளவையை ‘ஸ்டேடியன்’ என வழங்கினர். அத்துணை நீளம் ஓடுதற்கு அமைந்த நிலத்திற்கும் அதுவே பெயராயிற்று. காலப்போக்கில், ஓட்டத்தைக் காண வருவோர் அமரும் படிக்கட்டுகளையும் அப்பெயர் தன்னுள் அடக்கிக்கொண்டது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபையார்க்கு வரைந்த முதல் நிருபத்தில், விசுவாச வாழ்வுக்கு ஓட்டத்தை உவமை காட்டுமிடத்து இச்சொல்லையே ஆண்டுள்ளார். கொரிந்து நகர்க்கு அணித்தே ஈராண்டுக்கு ஒருமுறை பெரியதொரு விளையாட்டு விழா நிகழ்ந்து வந்தமையின், அந்நகரத்தார்க்கு அவ்வுவமை எளிதில் விளங்கியிருக்கும். நம் தமிழ் வேதாகமத்தார் அதனைப் ‘பந்தயச்சாலை’ என்று பெயர்த்தனர். கோயமுத்தூரில் ஒரு பகுதிக்கு அதே பெயர் வழங்குதலை யாவரும் அறிவர்.

தமிழில் இவ்விடத்தைக் குறிக்க இரு சொற்கள் உள. அரங்கம் என்பது ஒன்று. ஆடுகளம் என்பது மற்றொன்று. அரங்கம் என்றவுடன் காண்போர் நினைவிற்கு வருவர். களம் என்றாலோ, ஒருவன் தானே இறங்கித் தன் மெய்வருத்தித் தொழில் செய்யும் நிலம் நினைவிற்கு வரும். போர்க்களம், ஏர்க்களம் என்பவற்றை நோக்குக. பொதுப்பணம் கொண்டு எழுப்பிய ஒரு விளையாட்டிடம் இவ்விரண்டனுள் முதற்கண் எதுவாக இருத்தல் வேண்டும்? இக்கேள்வியை நம் பகுதிக்கு அண்மையிலுள்ள கோயமுத்தூர் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கை முன்வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வரங்கிற்குச் செல்லுமுன், அங்கே ஆடப்படும் கால்பந்து இந்நாட்டில் வேரூன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அதனில் மிஷன் பள்ளிகளுக்கும் ஒரு பங்குண்டு. 1891-ஆம் ஆண்டில் டிண்டேல்-பிஸ்கோ என்னும் பாதிரியார் காசுமீரத்துச் சிறீநகர் மிஷன் பள்ளிக்கு ஒரு தோற்பந்தைக் கொண்டு சென்றார். மாணாக்கர் உயர்குலத்துப் பிள்ளைகள். தோலைத் தீண்டுதல் தீட்டு என்று அவர்கள் அஞ்சினர். பாதிரியாரோ விடவில்லை. ஆட்டத்தின் நடுவே ஒரு பையன் முகத்திற் பந்து பட்டுவிட, அவன் தீட்டாயிற்றென்று கதறினான், அவனை நீரிற் கழுவிக் கொணர்ந்தனர், ஆட்டம் தொடர்ந்தது. வன்மையாற் புகுத்தியதை இன்று நாம் முழுதும் போற்றமாட்டோம். ஆயினும், ஒரே பந்தைப் பலரும் தொட்டாட வேண்டிய ஆட்டத்தில் தீண்டாமைக்கு இடமில்லை என்னும் உண்மை அன்று அக்களத்தில் வெளிப்பட்டது.

இருபது ஆண்டுகள் கழிந்து, 1911 ஜூலை 29-ஆம் நாளில், கல்கத்தாவின் மோகன் பகான் அணி ஆங்கிலப் பட்டாளத்து அணியொன்றை 2–1 என வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைக்கொண்டது. வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். பாதரட்சை அணிந்து ஆடினவர் சுதீர் சாட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர் ஒருவரே. அவர் பிற்காலத்தில் குருத்துவப்பணி ஏற்றார். ஆள்வோர் கொணர்ந்த ஆட்டம் ஆளப்படுவோரின் மானத்திற்கு நிலைக்களமாயிற்று. காணிகள் பலர் திரண்டது உண்மையே. எனினும் திரண்டதன் காரணம், நம்மவர் களத்தில் இறங்கியிருந்தனர் என்பதன்றோ?

நிற்க. நம் அரங்கிற்கு வருவோம். கோயமுத்தூரில் வ. உ. சிதம்பரனார் பூங்காவிற்கு அருகே 1971-இல் எழுந்தது நேரு விளையாட்டரங்கம். அப்பெருமகனார் செக்கிழுத்த சிறைச்சாலையும் அதே நகரில் உள்ளது என்பதை அவ்வழியே செல்வோர் மறத்தலாகாது. சுமார் 30000 பேர் அமரத்தக்க படிக்கட்டுகளும், நடுவே புல்தரையும், அதனைச் சூழ ஓடுபாதையும் உடையது அவ்வரங்கம். புறத்தே வட்டமாகக் கடைகள் அமைந்தன. ஆதலின் ஒரே கட்டடம் உள்ளே களமாகவும் வெளியே அங்காடியாகவும் விளங்குகின்றது. பஞ்சாலைகளாற் செழித்த நகர்க்கு இது பொருத்தமான தோற்றமே.

இவ்வரங்கிற்கும் சென்னையில் உள்ள அதே பெயருடைய அரங்கிற்கும் வேறுபாடு உண்டு. இரண்டனையும் ஒன்றெனக் கருதுவார் சிலர். சென்னையிலுள்ளது முன்னர் மாநகராட்சி விளையாட்டரங்கம் எனப் பெயர் பெற்றிருந்தது. 1956 ஜனவரியில் வினூ மன்காட், பங்கஜ் ராய் இருவரும் முதல் விக்கெட்டிற்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது அங்கேதான். கிரிக்கெட் அதனை நீங்கிய பின்னர், 1990-களில் அது புதுக்கப்பட்டுக் கால்பந்திற்கும் ஓட்டப்பந்தயங்கட்கும் உரியதாயிற்று. ஓர் ஆடுகளம் தலைமுறைதோறும் புதுப்பயன் கொள்ளும் என்பதற்கு அது நல்ல சான்று. பயன் மாறுதல் குற்றமன்று. பயன் அறுதலே குற்றம்.

கோயமுத்தூர் கண்ட பெருவிழாக்களுள் ஒன்று 1991–92-ஆம் ஆண்டின் சந்தோஷ் கோப்பைப் போட்டியாகும். நாட்டின் மாநிலங்கள் யாவும் கலந்துகொள்ளும் அப்போட்டியின் இறுதியாட்டத்திற் கேரள அணி கோவா அணியை 3–0 என வென்றது. வி. பி. சத்யன் அன்று கேரளத்தின் தலைவர். பாலைக்காட்டுக் கணவாய் நம் கொங்கு நாட்டிற்கும் மலையாள நாட்டிற்கும் இடையே காற்றையும் மழையையும் மட்டும் கொணர்வதன்று. பந்தாட்டத்தின் மேலுள்ள வேட்கையையும் கொணர்கின்றது. அவ்வேட்கை இங்கே தங்குதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடமாக அமைந்ததே இவ்வரங்கின் முதற்சிறப்பு.

இனி யான் கண்ணாற் கண்டதைக் கூறுவேன். 2017-க்குப் பின்னர்ச் சென்னை சிட்டி என்னும் அணி ஐ-லீக் போட்டியில் தன் சொந்த ஆட்டங்களைக் கோயமுத்தூரில் ஆடலாயிற்று. 2018–19 பருவத்தில் அதன் பயிற்சியாளர் சிங்கப்பூரினரான அக்பர் நவாஸ். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல் அடித்தார். அவரோடு, கோயமுத்தூரைச் சேர்ந்த ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய தமிழ்நாட்டு இளைஞரும் ஆடினர். 2019 மார்ச் 9-ஆம் நாள் கடைசி ஆட்டம். எதிரணி பஞ்சாபின் மினெர்வா. சென்னை சிட்டி வெல்லின் நாட்டின் கோப்பை அவர்க்கு. வழுவின், அதே பொழுதிற் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அணி தட்டிச் செல்லக்கூடும்.

அன்று சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றாற் சம்பள நாள். என் தந்தையார் பனியன் கம்பெனி ஒன்றிற் பேட்லாக் டெய்லர். சனி மாலையில் அவர் தையல் இயந்திரத்தை விட்டெழுந்ததை அதற்கு முன்னர் யான் கண்டதில்லை. அன்றைக்கோ அரை ஷிப்ட்டோடு நிறுத்திச் சம்பளத்தைத் திங்களன்று வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பள்ளிச் சிறுவனாகிய என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அவிநாசி வழியாகப் பேருந்திற் சென்று காந்திபுரத்தில் இறங்கி நடந்தோம்.

ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே பஞ்சாப் அணி ஒரு கோல் அடித்துவிட்டது. படிக்கட்டுகளில் ஓசை அடங்கிற்று. முதற்பாதி முழுவதும் அந்நிலையே நீடித்தது. யான் பந்தையே நோக்கியிருந்தேன். தந்தையாரோ முன்வரிசையில் அமர்ந்திருந்தவர் அணிந்த செம்மஞ்சட் சட்டையின் கழுத்துத் தையலை நோக்கியிருந்தார். “இந்தப் பட்டி தெச்ச கை நம்மூருக் கையாத்தான் இருக்கோணும், கண்ணு” என்றார். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டி உதையிற் சமன் செய்தார். பின்னர்க் கௌரவ் போரா என்னும் தற்காப்பாட்டக்காரர் ஒன்றும், ஆட்டம் முடியும் தறுவாயில் மற்றொன்றுமாக இரு கோல் அடித்தார். 3–1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றதாயினும், 43 புள்ளிகளோடு சென்னை சிட்டி முதலிடம் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42. அருகிருந்த முன்பின் அறியாத ஒருவர் என் தந்தையாரைத் தழுவிக்கொண்டார். தந்தையார் சிரித்த அச்சிரிப்பை யான் இன்றும் மறந்திலேன்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சந்துப் பிள்ளைகள் பனியன் வேஸ்டைச் சுருட்டி, ஓவர்லாக் நூலால் இறுகச் சுற்றிப் பந்தாக்கி, அருகிருந்த வெறுநிலத்தில் உதைத்தாடினோம். அரங்கிற் கண்டதைக் களத்திற் செய்துபார்க்க வேண்டும் என்னும் ஆவல் ஓரிரவிற்குள் எங்களைப் பற்றிக்கொண்டது. அரங்கம் செய்யத்தக்க பெருந்தொண்டு இதுவே என இப்பொழுது உணர்கின்றேன். காண்பான் ஒருவனை ஆடுவானாக்கி வீட்டிற்கு அனுப்புதலே அதன் பயன்.

அதன்பின் நிகழ்ந்தன யாவை? நாட்டின் வாகை சூடிய அவ்வணி 2020 ஜனவரியில் ஆசியக் கண்டத்துப் போட்டியின் தகுதியாட்டத்திற் பஹ்ரைன் நாட்டு அணியொன்றை எதிர்த்து ஆடியது. அதன் சொந்த ஆட்டமாகிய அது நிகழ்ந்த இடம் கோயமுத்தூர் அன்று, அஹமதாபாது. 0–1 எனத் தோற்றது. அடுத்து நோய்க்காலம் வந்தது. 2020–21 பருவத்து ஐ-லீக் ஆட்டங்கள் யாவும் வங்காளத்திலேயே நடந்தன. அப்பருவத்திற்குப் பின்னர் அவ்வணி அப்போட்டியில் ஆடவில்லை. ஈராண்டுக்குள் வாகையும் வெறுமையும் அடுத்தடுத்து வந்தன. எங்கள் சந்தருகே இருந்த வெறுநிலத்திலும் சரக்கு வண்டிகள் நிற்கலாயின. துணிப்பந்து பரணேறிற்று.

ஓரணி வரும், போம். அஃது உலகியல்பு. ஆயின் அணி போனவுடன் ஆர்வமும் உடன்போயிற்றெனின், நாம் அரங்கத்தை நம்பிக் களத்தை மறந்தோம் என்பதே பொருள். கோப்பை வென்ற நாளில் 2019-இன் வெற்றியை எல்லோரும் பேசினர். ஆனால் அவ்வெற்றியை விதைநெல்லாகக் கொண்டு, கோவை, திருப்பூர்ப் பகுதிகளின் சிற்றூர்தோறும் சிறுவர்க்குக் களம் அமைக்க எத்துணைப் பேர் முயன்றோம்? விதைநெல்லைச் சமைத்துண்ட குடியானவன் அடுத்த போகத்தில் வானத்தைப் பழித்தற்கு உரியவனல்லன்.

ஈண்டுச் சிலர் தடை கூறுவர். முதலாவது தடை: “பெரிய அரங்கைக் காத்தற்குப் பணம் வேண்டும், ஆதலின் விழாக்களுக்கும் கண்காட்சிகளுக்கும் அதனை வாடகைக்கு விடுதல் தவிர்க்கவொண்ணாதது.” பணம் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. புறத்தே கடைகள் இருத்தலையும் யான் குறைகூறேன். ஆனால் பந்தற்கால் நட்ட குழியில் ஓடுவோன் காலிடறுவானாயின், அவ்வாடகை இலாபமன்று, நட்டம். நெற்களத்தை ஒருவன் கூத்துக்கு விடலாம். கதிரடிக்கும் நாளில் விடலாகாது. விட்டானாயின், சாணமிட்டு மெழுகி முன்போல் ஆக்கித் தரவேண்டும். இவ்வளவே யான் வேண்டும் நெறி.

இரண்டாவது தடை: “உழைத்துண்ணும் மக்களுக்கு விளையாட்டு எதற்கு? பந்து வயிற்றை நிரப்புமோ?” திருப்பூரில் இதனை அடிக்கடி கேட்கின்றோம். நம் ஊர்க்கு டாலர் நகரம் என்பது புகழ்ப்பெயர். உலகக் கோப்பைப் போட்டி நெருங்குந்தோறும் பல நாட்டு நிறங்களிற் சட்டைகள் நம் பவர்டேபிள்களில் தைக்கப்பட்டுக் கடல் கடந்து செல்கின்றன. அச்சட்டைகளை மடித்துக் கொடுக்கும் கைமடிப் பையன் அவற்றை அணிந்து ஆடுதற்கு ஒரு காணி நிலம் இல்லையெனின், அஃது அவன் குறையோ, நம் குறையோ? ஒன்றரை ஷிப்ட் அமர்ந்தும் நின்றும் தொழில் செய்வோர்க்கே முதுகும் தோளும் நிமிர்ந்தாடும் நேரம் மிகுதியும் வேண்டும். வேலைக்குப் பின் அவர்தம் பொழுதைக் கவர மதுக்கடைக்குத் தெரிந்திருக்கும்பொழுது, ஆடுகளத்திற்கு மட்டும் தெரியாதிருத்தல் தகுமோ? வயிற்றை நிரப்பாத பந்து, பொழுதை நல்வழியில் நிரப்பும். அதுவும் ஓர் உணவே.

மூன்றாவது தடையைப் பலர் வாய்விட்டுக் கூறார், மனத்துள் வைத்திருப்பர். அஃது, “பெண்பிள்ளைகட்கு ஏன் பந்தாட்டம்?” என்பது. இதற்கு வரலாறே விடை தந்துவிட்டது. 2018-இல் தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றது. 2023-இல் மீண்டும் பெற்றது. 2019 மே மாதத்தில் மதுரைச் சேது அணியார் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றனர். அஃதாவது, கோயமுத்தூரில் ஆடவர் வாகை சூடிய அதே ஆண்டில், இரண்டே மாத இடைவெளியில், நாட்டின் மகளிர் கோப்பையும் தமிழ்நாட்டிற்கு வந்தது. அதனை அன்று நம்முள் எத்துணைப் பேர் அறிந்தோம்? திருப்பூர்த் தொழிலாளருட் பெரும்பகுதியினர் பெண்டிர். அவர்தம் பிள்ளைகளும் தங்கைமாரும் களமிறங்காத அரங்கம் பாதி அரங்கமே.

ஆகவே யான் பணிந்து கூறும் யோசனைகள் சில. ஒவ்வொரு விளையாட்டரங்கின் வாயிலிலும், இன்ன நாளில் இன்ன நேரம் பொதுமக்களும் மாணாக்கரும் ஆடலாம் என்று பலகை எழுதி வைத்தல் வேண்டும். அந்நேரத்தை வேறெதற்கும் பறித்தலாகாது. அரங்கினாற் கிடைக்கும் வாடகையில் ஒரு பங்கு, புல்லுக்கும் ஓடுபாதைக்கும் குடிநீர்க்கும் விளக்குக்கும் என வரையறுக்கப்பட்டு, ஆண்டுதோறும் கணக்கு வெளியிடப்படல் வேண்டும். திருப்பூர்க் கம்பெனியார் தத்தம் தொழிலாளர் அணிகளை ஏற்படுத்தி, ஞாயிறுதோறும் ஆடும் ஒரு போட்டித் தொடரை நடத்துவாராக. அதன் இறுதியாட்டம் நேரு விளையாட்டரங்கில் நடைபெறுக. அப்பொழுதுதான், தைத்த கையும் உதைத்த காலும் ஒருவர்க்கே உரியனவாம்.

இவையெல்லாம் பிறர் செய்யவேண்டியன. நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதனைக் கூறாது முடிப்பேனாயின், என் கட்டுரை அரங்கிலமர்ந்து ஆரவாரிப்பவன் கூச்சலை ஒக்கும்.

நம் கல்லூரிக்கு விசாலமான மைதானம் ஒன்று இருக்கின்றது. முன்னோராகிய மிஷனெரிமார் பாடசாலைக்கு அடுத்தபடியாக மைதானத்தையே கருதினர் என்பதற்கு அஃது அடையாளம். கிழமை நாட்களில் அதில் நாம் ஆடுகின்றோம். ஞாயிறு மாலையிலோ அதன் இரும்புக் கதவு பூட்டப்பட்டிருக்கின்றது. மதிலுக்கு அப்பால் வாழும் சிறுவர் கம்பிகளின் ஊடே உள்ளே நோக்கி நிற்பதை விடுதி மாணாக்கர் யாவரும் கண்டிருப்பர். யானும் கண்டேன். அவருள் ஒருவன் கையிற் பனியன் வேஸ்டாற் சுற்றிய பந்து இருந்தது. ஆறாண்டுகட்கு முன்னர் யான் சுற்றியதைப் போன்றதே அது.

ஆலயத்தில் ஆராதனை முடிந்த பின்னர், ஞாயிறு மாலை 4 மணி முதல் 6 மணி வரையேனும் அக்கதவைத் திறந்துவைக்க வேண்டுகின்றேன். பொருட்களுக்குச் சேதம் நேருமே என ஆசிரியப் பெருமக்கள் அஞ்சலாம். தமிழ் ஹானர்ஸ் வகுப்பு மாணாக்கர் முறைவைத்துக் காவலிருக்க இசைந்துள்ளோம். பழைய மாணாக்கராகிய பெரியோர், கோப்பைகளுக்குப் பொருளுதவி செய்தல் போல, பத்துப் பந்துகளுக்கும் ஒரு காற்றடிக்கும் பம்ப்புக்கும் உதவுவாராக. செலவு சிறிது. முப்பதினாயிரம் பேர் அமரும் படிக்கட்டுகளை நம்மாற் கட்டவியலாது. முப்பது சிறுவர் ஓடும் நிலம் நம்மிடம் முன்னரே உள்ளது.

பந்தயச்சாலையில் ஓடுவோர் பலராயினும் பரிசு பெறுவான் ஒருவனே என்பதைப் பவுலடியார் கொரிந்தியர்க்கு நினைவூட்டினார். ஓடுதற்கு எல்லாரும் உள்ளே விடப்பட்டனர் என்பதும் அவ்வுவமையினுள் அடங்கியுள்ளது. அவ்வளவையேனும் நாம் செய்வோமாக.